நம் ஊர் வில்லும் அயலூர்க் கித்தாரும்

‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. உள்ளதை விட்டுவிட்டு இல்லாததற்கு ஏங்குகிறவர்களைக் குத்திக்காட்டவே அதைச் சொல்வார்கள். ஆனால் அக்கரையில் நின்றவன், ‘உன் கரை எவ்வளவு பச்சை!’ என்று கூவிச் சொன்ன பிறகுதான் இக்கரைக்காரன் குனிந்து தன் காலடிப் புல்லைப் பார்த்தான் என்பதும் உலகில் நடந்திருக்கிறது. அப்படி நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லி, அதைக்கொண்டு நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோளையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டு விழா நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்க எங்கள் வகுப்பில் கூடியபோது இந்தப் பேச்சு எழுந்தது. பரதநாட்டியம் ஒன்று, ஆங்கில நாடகம் ஒன்று, கும்மி ஒன்று. மற்றவையெல்லாம் திரைப்படப் பாட்டுக்கு ஆட்டம். பட்டியலைப் படித்த தோழி ஒருத்தி, “நம்ம ஊருப் பாட்டு ஒண்ணுகூட இல்லையே” என்றாள். “நம்ம ஊருக்குன்னு என்ன பாட்டு இருக்கு?” என்று இன்னொருத்தி கேட்டாள். எங்களில் யாருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை ஒருத்தியின் வீட்டில் அவளுடைய பாட்டாவிடம் இதே கேள்வியைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். “வில்லடி நடக்க ஊருல பொறந்துட்டு என்ன பாட்டுண்ணா கேக்குதிய, மக்களே? அந்தக் குடத்துச் சத்தம் கேட்டா காலு தன்னால நடக்கும்லா” என்றார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். ‘பூங்கனி’ என்பது அந்தப் பெயர்.

நம் ஊரில் வாழ்ந்த ஒரு பெண்

பூங்கனி அம்மாள் அகஸ்தீஸ்வரத்தை அடுத்த சரவணந்தேரியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது இரண்டு பெண்கள் வில்லுப்பாட்டுப் பாடியதைக் கண்டு, நாமும் அப்படிப் பாட வேண்டும் என்று உறுதிகொண்டவர். ஆண்களே பெரிதும் நிறைந்திருந்த அந்த மேடையில் ஏறி, வீசுகோலைக் கையில் எடுத்துத் தலைமைப் பாடகியாக அமர்ந்தவர். குடம் வாசித்த கலைஞரையே மணந்துகொண்டு, குமரி, நெல்லைச் சீமைகளின் கோயில் கொடைகளில் பல ஆண்டுகள் இரவிரவாகப் பாடியவர். அவருடைய குரலுக்காகவே வண்டி கட்டிக்கொண்டு மக்கள் போனார்கள் என்று பாட்டா சொன்னார். அந்த அம்மாள் தம் முதுமையில் இந்தக் கொட்டாரத்தில்தான் வாழ்ந்தார். வறுமையில், தனிமையில் வாழ்ந்தார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எண்பது வயதைக் கடந்த நிலையில் காலமானார். நாளிதழ்களில் அவரைப் பற்றிச் செய்திகள் வந்தன.

அப்போது நாங்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகள். அவர் நடந்த அதே கடைத்தெருவில் நாங்களும் நடந்திருப்போம். எதிரே வந்த ஒரு கிழவிக்கு வழிவிட்டு ஒதுங்கியும் இருப்போம். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை என்று பிறரைக் குறை கூறி இதைத் தட்டிக் கழித்துவிடலாம். ஆனால் நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்பதும் உண்மையல்லவா? இந்த வெட்கத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது. இனி, அக்கரைக் கதைக்கு வருவோம்.

துயரத்திலிருந்து பிறந்த பாட்டு

அமெரிக்க நாட்டின் தென் பகுதியில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள் 1865-ஆம் ஆண்டில் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். ஆனால் வறுமையும் இழிவும் அவர்களை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வயலிலும் சாலையிலும் சிறையிலும் பாடிய துயரப் பாட்டுக்குப் ‘புளூஸ்’ என்று பெயர். மனச்சோர்வு என்பது அச்சொல்லின் பொருள். ஒரு வரியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாவது வரியில் முடிப்பது அதன் பொதுவான அமைப்பு. பாடகர் ஒரு வரி பாட, கித்தார் அதற்கு மறுமொழி சொல்லும். இந்தப் பாட்டை முதன்முதலில் இசைத்தட்டில் ஏற்றி நாடெங்கும் பரப்பியவர்கள் பெண்கள் என்பது நாம் மகிழ்ந்து அறிய வேண்டிய செய்தி. மேமி ஸ்மித் என்ற பெண்மணி 1920-இல் பாடிய இசைத்தட்டே அந்த வாசலைத் திறந்தது.

ஆயினும் சொந்த நாட்டில் இந்த இசைக்கு மதிப்பு எளிதில் கிட்டவில்லை. வெள்ளையர் பலர் அதைக் கூலிகளின் பாட்டென்று ஒதுக்கினார்கள். கறுப்பின மக்களிலேயே கோயிலுக்குச் செல்வோர் பலர் அதைப் ‘பேயின் பாட்டு’ என்று வெறுத்தார்கள். மட்டி வாட்டர்ஸ் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி. 1941-இல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் அவருடைய குடிசைக்கே வந்து அவர் பாடியதைப் பதிவு செய்தார். தம் குரலைத் தாமே கேட்ட பிறகுதான் மட்டி வாட்டர்ஸுக்குத் தம் மேல் நம்பிக்கை பிறந்தது. 1943-இல் அவர் சிகாகோ நகரத்துக்குப் போய் மின்கித்தார் வாசிக்கத் தொடங்கினார்.

இங்கிலாந்து கேட்டது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இளைஞர் சிலருக்கு இந்த இசைத்தட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தன. ஒரு தட்டு கிடைத்தால் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டதோடு நிற்காமல், பாடியவர்களையே நேரில் அழைத்தவர்கள்தாம் இங்கே நம் கவனத்துக்கு உரியவர்கள்.

பிக் பில் புரூன்சி 1951-இல் இங்கிலாந்துக்கு வந்து பாடினார். அதன்பின் கிறிஸ் பார்பர் என்ற ஜாஸ் இசைக்குழுத் தலைவர் இப்பணியைத் தொடர்ந்து செய்தார். அவர் அழைப்பின்பேரில் 1957-இல் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பும், 1958-இல் மட்டி வாட்டர்ஸும் வந்தார்கள். ‘சிஸ்டர்’ என்றதும் நம் அருட்சகோதரிகளைப் போன்ற துறவி என்று எண்ணிவிடக் கூடாது; அவர் சார்ந்திருந்த சபையில் பெண்களை அப்படி அழைப்பது வழக்கம். ஜெபப் பாடல்களை மின்கித்தாருடன் பாடிய அந்த அம்மையார், இரவு விடுதியிலும் பாடினார் என்பதற்காகத் தம் சபையாரின் கண்டனத்துக்கும் ஆளானவர். 1964-இல் மான்செஸ்டர் நகரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, ஈர நடைமேடையில் நின்றுகொண்டு அவர் கித்தார் வாசித்த காட்சியை இன்றும் பார்க்கலாம். எதிர் நடைமேடையில் அமர்ந்து இளைஞர்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பதையும் அதில் காணலாம்.

அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் என்ற இருவர் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியறையில் புளூஸ் கேட்போருக்கென்று ஒரு மன்றம் நடத்தினார்கள். சிரில் டேவிஸ் கார்த் தகடுகளைத் தட்டிச் சரிசெய்யும் தொழிலாளி. 1962-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் இவ்விருவரும் ஈலிங் என்ற பகுதியில் ஒரு நிலவறையில் தங்கள் குழுவின் இசையைத் தொடங்கினார்கள். அங்கே கூரையிலிருந்து நீர் சொட்டுமாம்; மேடைக்கு மேலே ஒரு விரிப்பைக் கட்டிக்கொண்டு வாசித்தார்களாம். அந்த ஒழுகும் அறைக்கு வந்துபோன பிள்ளைகள் பின்னர் உலகப் புகழ் பெற்றார்கள். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், கையில் மட்டி வாட்டர்ஸ் இசைத்தட்டை வைத்திருந்த பழைய பள்ளித் தோழனைக் கண்டு ஒரு வாலிபன் பேச்சுக் கொடுத்தான். மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்ற அந்த இருவரும் சேர்ந்திருந்த குழுவே ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’. அந்தப் பெயரே மட்டி வாட்டர்ஸின் ஒரு பாடலிலிருந்து எடுத்ததுதான். 1963-இல் ஜான் மேயால் தொடங்கிய குழு ஒரு பள்ளிக்கூடம் போல விளங்கியது. எரிக் கிளாப்டன் போன்றோர் அங்கே தேர்ந்தார்கள். ஜோ ஆன் கெல்லி என்ற பெண், ஒற்றைக் கித்தாரோடு அமர்ந்து ஆண்களுக்கு நிகராகப் பழைய புளூஸைப் பாடினார். மேயால் தம் 90-ஆம் வயதில், 2024-இல் காலமாகும் வரை இந்த இசையைக் கைவிடவில்லை.

இனிமேல்தான் கதையின் சுவையான பகுதி வருகிறது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பாடப் போனபோது, ஹௌலின் உல்ஃப் என்ற மூத்த புளூஸ் பாடகரையும் அந்நிகழ்ச்சியில் பாடச் செய்தார்கள். அவர் பாடும்போது இவர்கள் மேடையில் அவர் காலடியருகே அமர்ந்து கேட்டார்கள். அதே நாட்டில் பிறந்து, அதே நாட்டில் பாடிவந்த ஒரு பெரியவரை அமெரிக்க வீடுகள் பல அன்றுதான் முதன்முதலாகக் கண்டன. காட்டியவர்கள் கடல் கடந்து வந்த பிள்ளைகள். 1969-இல் அவர்களுடைய அமெரிக்கப் பயணத்தில் பி. பி. கிங்கும் உடன் சென்று பாடினார். அக்கரையார் சொன்ன பிறகே இக்கரையார் தம் காலடிப் பச்சையைக் கண்டார்கள்.

நிழலும் உண்டு

இந்தக் கதையை வெறும் புகழ்ச்சியாக முடித்துவிட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். கற்றவர்கள் செல்வந்தர்களானார்கள். கற்பித்தவர்களில் பலர் ஏழைகளாகவே இறந்தார்கள். லெட் செப்பெலின் என்ற ஆங்கிலக் குழுவின் புகழ்பெற்ற ஒரு பாட்டில் தம்முடைய வரிகள் இருப்பதாகச் சிகாகோவின் வில்லி டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்தார். 1987-இல் அது சமாதானமாக முடிந்தது. பின்னர் அப்பாட்டின் ஆசிரியர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973-இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கூட இல்லை. ரசிகர்கள் ஓர் இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டித்தான் கல் நாட்டினார்கள். நம் பூங்கனி அம்மாள் மறைந்த அதே 2018-இல்தான் அமெரிக்காவின் ‘ராக் அண்ட் ரோல்’ புகழ் மன்றத்தில் ரொசெட்டாவின் பெயர் ஏறியது. இறந்த பின் ஏற்றும் விளக்கு யாருக்கு வெளிச்சம் தரும்?

ஆகவே அந்த ஆங்கிலப் பிள்ளைகளிடமிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு: மூத்தோரைத் தேடிப்போய்க் கேட்டதையும் மேடையேற்றியதையும் பின்பற்ற வேண்டும். பெயரையும் ஊதியத்தையும் உரியவருக்குக் கொடுக்க மறந்ததைத் தவிர்க்க வேண்டும்.

நம் வில்லின் கதை

இப்போது நம் நாஞ்சில் நாட்டுக்குத் திரும்புவோம். ஓர் ஆளின் உயரத்தையும் மிஞ்சிய நீண்ட வில். அதில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள். வில்லைத் தாங்க ஒரு மண்குடம். தலைமைப் பாடகர் இரு கைகளிலும் வீசுகோல் கொண்டு நாணைத் தட்ட, மணிகள் சிலிர்க்கும். குடக்காரர் குடத்தின் வாயை விசிறி போன்ற தட்டையால் அடிக்க, அடிவயிற்றில் அதிரும் ஓர் ஒலி எழும். உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். வலத்தே இருப்பவர் ஒரு வரி பாட, இடத்தே இருப்பவர் அதை வாங்கிப் பாடுவார். புளூஸில் கித்தார் சொல்லும் மறுமொழியை இங்கே பக்கத்தில் இருப்பவரே ‘ஆமாம்’ போட்டுச் சொல்கிறார்!

பாட்டின் பொருளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. வில்லுப்பாட்டுக் கதைகளில் பல, அநியாயமாக மாண்டவர்களின் கதைகள். அரசாட்சிக்கான போரில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட தம்பிமார், சாதி கடந்து மணம் செய்து, பசுக்களைக் காக்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன், ஏமாற்றிக் கொல்லப்பட்ட பெண்ணாகிய நீலி முதலியோரின் பிறப்பையும் இறப்பையும் விடிய விடியப் பாடி, கேட்போரைக் கண்ணீர் விடச் செய்வதே வில்லின் வேலை. அரண்மனைக் கல்வெட்டில் இடம் பெறாதவர்களுக்கு வில்லில் இடம் கிடைத்தது.

இந்த வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து நகர மேடைக்குக் கொண்டுசென்ற முன்னோடிகளில் ஒருவர், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். இளமையில் வில்லுப்பாட்டில் ஊறியவர் அவர். சினிமாவில் புகழின் உச்சியை எட்டிய பிறகும் வில்லை மறக்கவில்லை. கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடி நாடெங்கும் பரப்பினார். கலைவாணரால் அடையாளம் காணப்பட்டுச் சென்னைக்கு வந்த நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வில்லை ஒலிக்கச் செய்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். அவர் மகள் பாரதி திருமகன் அந்த வில்லைத் தொடர்ந்து ஏந்தி வருகிறார்.

ஏட்டில் ஏற்றியவர்களும் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். பாளையங்கோட்டையில் இயேசு சபையார் நடத்தும் தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து நாட்டார் வழக்காற்றியலைத் தனிப் படிப்பாக வளர்த்தார். நம் மாவட்டத்தைச் சேர்ந்த அ. கா. பெருமாள் ஊரூராக அலைந்து வில்லுப்பாட்டு ஏடுகளையும் கலைஞர்களின் வரலாறுகளையும் திரட்டினார். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் இங்கே வந்து தங்கி, கொடைகளில் இரவெல்லாம் விழித்திருந்து வில்லுப்பாட்டைக் கேட்டார். 1988-இல் அவர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். ஈலிங் நிலவறைப் பிள்ளைகள் சிகாகோவை நோக்கிக் காதைத் திருப்பியது போலவே, அமெரிக்க மாணவர் ஒருவர் நாஞ்சில் நாட்டை நோக்கிக் காதைத் திருப்பியிருக்கிறார். ஆனால் கடல் கடந்து வந்தவர் கேட்ட பாட்டை, கொட்டாரத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் ஒரு முறையேனும் முழுதாகக் கேட்டதில்லை.

சில தடைகளும் விடைகளும்

நம் பள்ளி மேடையில் வில்லுப்பாட்டு வேண்டும் என்று நாங்கள் சொல்லத் தொடங்கியதும் மூன்று தடைகள் எழுந்தன. மூன்றும் நல்லெண்ணத்தில் எழுந்தவையே. ஆதலால் அவற்றுக்கு மரியாதையோடு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் தடை: “அது வேறு சமயத்தாரின் கோயில் பாட்டல்லவா?” என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். உண்மைதான். கொடையில் பாடும் வில்லுப்பாட்டு வழிபாட்டின் ஓர் அங்கம். அதைக் கேட்டு அங்கே சாமியாடுகிறார்கள். அந்த வழிபாட்டைப் பள்ளி மேடையில் வேடிக்கையாக்குவது அவர்களுடைய நம்பிக்கையை நாம் புண்படுத்துவதாகும். அதை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வில்லும் குடமும் வலத்தே இடத்தே பாடும் முறையும் இம்மண்ணின் பொதுச் சொத்து. காந்தியடிகளின் கதையை வில்லில் பாடியபோது யாரும் குறை சொல்லவில்லையே? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடும், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா, பிறர் இழிவென்று ஒதுக்கிய பறையை ஒடுக்கப்பட்ட குலத்து இளம் பெண்களின் கையில் கொடுத்து, தலைநிமிர்ந்து அடிக்கச் செய்தார். ஒரு கன்னியர் பறையைத் தொடலாம் என்றால், நாம் வில்லைத் தொடுவதில் தவறென்ன?

கதைக்கும் பஞ்சமில்லை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, கொண்ட நம்பிக்கைக்காகச் சித்திரவதைப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம், 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் பிறப்பையும் இறப்பையும் பாடுவதே வில்லின் வேலை என்று முன்பு சொன்னோம். அப்படியானால் இவர் கதையைவிட வில்லுக்கு ஏற்ற கதை எது?

இரண்டாம் தடை: “பெண்பிள்ளைகளுக்கு இது தகுமா?” என்பது. இதற்கு எங்கள் விடை மூன்றெழுத்து, நான்கெழுத்து வாதங்கள் அல்ல, ஒரு பெயர்தான். பூங்கனி. பெண் அமர்ந்து பாடினால் ஊர் கேட்குமா என்ற கேள்விக்கு இவ்வூர்க்காரியே விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரைப்பாட்டுக்கு இடுப்பசைத்து ஆடுவதைத் தகும் என்று கைதட்டும் நாம், சம்மணமிட்டு அமர்ந்து ஒரு கதை சொல்வதைத் தகாது என்போமா?

மூன்றாம் தடை: “தேர்வு நெருங்கும் காலத்தில் இதற்கு நேரமேது?” என்பது. இதுவே மெய்யான தடை என்று ஒப்புக்கொள்கிறோம். எங்கள் தாய்மார் விடியற்காலையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவது நாங்கள் வில்லடிப்பதற்காக அல்ல. ஆனால் ஒரு திரைப்பாட்டு ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்க எத்தனை மாலைகள் செலவாகின்றன என்பதை எல்லோரும் அறிவோம். புதிதாக நேரம் கேட்கவில்லை. அதில் ஒரு பங்கைத்தான் கேட்கிறோம். ஒரு கதையை மனப்பாடம் செய்து, உச்சரிப்புத் தவறாமல், கூட்டத்தின் முன் சொல்லப் பழகிய பெண் நேர்முகத் தேர்விலும் நா குழற மாட்டாள்.

எங்கள் வேண்டுகோள்

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஆண்டு விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சி வில்லுப்பாட்டாக இருக்கட்டும். அதைக் கைப்பேசியில் பார்த்துப் பழகாமல், அக்கம்பக்கத்து ஊர்களில் இன்னும் பாடிவரும் ஒரு மூத்த கலைஞரைப் பள்ளிக்கு அழைத்து, அவர் எதிரே பாய் விரித்து அமர்ந்து கற்போம். கிறிஸ் பார்பர் கடல் கடந்து ஆள் அனுப்பி அழைத்தார். நமக்கோ ஒரு பஸ் பயணம் போதும். வந்தவருக்கு ஒரு சால்வையோடு நன்றி சொல்லி அனுப்பிவிடாமல், ஆட்டம் கற்பிக்க வரும் மாஸ்டருக்குக் கொடுப்பதற்குக் குறையாத ஊதியம் கொடுப்போம். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரின் பெயரோடு அவர் பெயரையும் அச்சிடுவோம். அவர் சம்மதித்தால் அவர் பாடுவதைப் பதிவு செய்து, எழுதி, நம் நூலகத்தில் வைப்போம். எதைப் பாடலாம், எதைக் கோயிலுக்கே விட்டுவிட வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வோம்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோரிடமும் எங்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டில் பாட்டாவோ பாட்டியோ இருந்தால், சின்ன வயதில் அவர்கள் கேட்ட வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு நாள் பேசச் சொல்லுங்கள். தொலைக்காட்சியை அரை மணி நேரம் அணைத்தால் போதும். எங்கள் தோழியின் பாட்டா அன்று இரவு வெகுநேரம் பேசினார். பேசிப் பேசி ஒரு கட்டத்தில் எழுந்துபோய்த் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக் காட்டினார். “இப்படி இல்ல, இன்னும் கனமா இருக்கும்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அந்தக் கனமான சத்தத்தை எங்களால் ஊகிக்கத்தான் முடிந்தது.

அக்கரையான் வந்து சொல்லட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் வந்து சொல்லி அரை நூற்றாண்டாகப் போகிறது. பூங்கனி அம்மாளை நாங்கள் தவறவிட்டுவிட்டோம்; அது இனித் திரும்பாது. ஆனால் இந்தக் குமரி மண்ணில் இன்னும் வீசுகோல் பிடிக்கும் கைகள் இருக்கின்றன. அவை ஓய்வதற்குள் போய் அமர்வோம். அடுத்த ஆண்டு மலரில் இப்படி ஒரு கட்டுரை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போகட்டும். அதற்குப் பதில், குடமும் வில்லும் நடுவே இருக்க, எங்களுக்குக் கற்பித்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு புகைப்படம் வரட்டும். அதன் கீழே முதற்பெயராக அவர் பெயர் இருக்கட்டும்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்